எவ்வளவு தூரம் தெரியும்?

பைனாகுலர் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "எவ்வளவு தூரம் தெரியும்?" கடைக்காரரும் சளைத்தவர் அல்லர். "அஞ்சு கிலோமீட்டர் சார். வெயில் நல்லா அடிச்சா எட்டு." இருவரும் திருப்தியாகப் பிரிவார்கள். 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற நிலா வெறுங்கண்ணுக்கே தெரிகிறதே, அப்புறம் தூரத்துக்கு என்ன கணக்கு என்று யாரும் கேட்பதில்லை.

பைனாகுலரின் உடம்பில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். 7×50, 8×42, 10×25 என்று. முதல் எண், பொருளை எத்தனை மடங்கு பக்கத்தில் இழுத்துக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். வாங்குகிறவர் கண் முதல் எண்ணிலேயே நின்றுவிடும். செய்தவர்களோ இரண்டாவது எண்ணுக்காகத்தான் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். உள்ளே நுழைகிற வெளிச்சத்தை வழியில் சிந்தாமல் கண்வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பது எப்படி, படத்தை ஆடாமல் நிறுத்துவது எப்படி என்பதுதான் அவர்கள் பாடு. அந்தப் பாடு ஹாலந்தில் தொடங்கி, கடலூர்க் கடலை உரசிக்கொண்டு போய், இரண்டு உலகப் போர்களுக்குள் புகுந்து, சென்னை பர்மா பஜார் வழியாக கம்மாபுரத்து ஏரிக்கரை வரைக்கும் வந்திருக்கிறது.

1608 அக்டோபரில் மிடில்பர்க் நகரத்து மூக்குக்கண்ணாடிக்காரர் ஹான்ஸ் லிப்பர்ஷே, தூரத்துப் பொருளைக் கிட்டத்தில் காட்டும் குழாய் ஒன்றுக்கு உரிமம் கேட்டு டச்சு அரசிடம் போனார். அங்கிருந்தவர்கள் பார்த்தார்கள், மெச்சினார்கள், கையோடு ஒரு குறையும் சொன்னார்கள்: ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது, இரண்டு கண்ணாலும் பார்க்கிற மாதிரி செய்துகொண்டு வா. அந்த டிசம்பரிலேயே செய்து காட்டிவிட்டார். ஆக, தொலைநோக்கியும் பைனாகுலரும் ஏறக்குறைய ஒரே பிரசவம். லிப்பர்ஷேவுக்குப் பணம் கிடைத்தது, உரிமம் கிடைக்கவில்லை. இந்த வித்தை ஏற்கெனவே பலருக்குத் தெரிந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பிறந்ததே தவிர, பிள்ளை இருநூறு வருஷத்துக்கு மேல் தலையெடுக்கவில்லை. இரண்டு குழாயும் இம்மி பிசகாமல் ஒரே திசையில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று இரண்டாகத் தெரிந்து தலைவலிதான் மிச்சம். அதோடு, முன்னால் குவிந்த கண்ணாடி, பின்னால் குழிந்த கண்ணாடி என்ற அந்தப் பழைய அமைப்பில் காட்சி நேராக வரும், ஆனால் வட்டம் சிறுத்துப் போகும். கலிலியோ வியாழனின் நிலாக்களைக் கண்டது இந்த அமைப்பில்தான். அதை இன்றும் பார்க்க ஆசை இருந்தால் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டாம். வடலூர் தைப்பூசத்துக் கடைகளில் பலூன், பீப்பிக்குப் பக்கத்தில் தொங்குகிற பிளாஸ்டிக் பைனாகுலரை எடுத்துப் பாருங்கள். இரண்டு மடங்கோ மூன்று மடங்கோதான் பெருக்கும். பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

கெப்ளர் 1611-இல் இரண்டு பக்கமும் குவிந்த கண்ணாடி போடலாம் என்று எழுதினார். வட்டம் விரிந்தது, ஆனால் காட்சி தலைகீழாகிவிட்டது. நட்சத்திரத்துக்குத் தலை ஏது, கால் ஏது. வானம் பார்க்கிறவர்களுக்குக் கவலையில்லை. கப்பல்காரனுக்கு அது ஆகாது. தலைகீழை மறுபடி நேராக்க நடுவில் இன்னும் கண்ணாடிகளைச் சொருகினார்கள். குழாய் நீண்டுகொண்டே போனது. சினிமாவில் கடற்கொள்ளைக்காரன் இடுப்பிலிருந்து எடுத்து இழுத்து நீட்டுகிறானே, அந்தக் குழாய் அப்படி வந்ததுதான்.

கடலூருக்கு முன்னால் உள்ள கடல் அந்தக் குழாய்களைக் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறது. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-இல் வாங்கிய ஆங்கிலேயர்கள், பீரங்கியைச் சுட்டுக் குண்டு எதுவரை போகிறதோ அதுவரை எங்கள் எல்லை என்று ஊர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். தூரத்தைக் கண்ணால் அளக்காமல் குண்டால் அளந்த காலம் அது. 1758 ஏப்ரல் கடைசியில் பிரெஞ்சுக் கப்பல்படை கடலூர் எதிரே வந்து நின்றபோது பிரிட்ஜ்வாட்டர், டிரைட்டன் என்ற இரண்டு ஆங்கிலேயக் கப்பல்களைப் பிடிபடாமல் இருக்க அவற்றின் ஆட்களே கரையில் மோதவிட்டார்கள். 29-ஆம் தேதி இரண்டு படைகளும் நடுக்கடலில் மோதின. ஜூன் 2-இல் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. அதே 1758-இல்தான் லண்டனில் ஜான் டாலண்ட், இரண்டு வகைக் கண்ணாடியைச் சேர்த்து, காட்சியின் விளிம்பில் படரும் வானவில் நிறத்தைப் போக்கும் முறைக்கு உரிமம் வாங்கினார். அவருக்கு முன்பே ஒருவர் அதைக் கண்டுபிடித்திருந்தார் என்பது வேறு கதை. அதற்குப் பின் கப்பல் தலைவர்கள் கையில் டாலண்ட் குழாய் இருப்பது ஒரு அந்தஸ்தாகிப் போனது.

கண்ணாடி எதற்காக வேண்டியிருந்தது என்பதை 1783 ஜூன் 20-இல் கடலூர் எதிரே நடந்த சண்டை நன்றாகக் காட்டுகிறது. அந்த நாள் கடற்போர் கொடிகளால் நடந்தது. தளபதியின் கப்பலில் ஏறுகிற கொடியை ஒவ்வொரு கப்பலும் படித்து அதன்படி திரும்ப வேண்டும். பீரங்கிப் புகை எழுந்துவிட்டால் வரிசையின் நடுவில் நிற்கிற தளபதிக்குத் தன் படையே தெரியாது. முந்தைய வருஷம் மேற்கிந்தியக் கடலில் பிரெஞ்சுத் தளபதி ஒருவர் தன் பெரிய கப்பலோடு பிடிபட்ட பிறகு, தளபதிகள் வரிசைக்குள் நிற்காமல் விலகி, சின்னக் கப்பலில் இருந்துகொண்டு நடத்த வேண்டும் என்று அரசாணை வந்தது. கடலூரில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் அப்படித்தான் கிளியோபாட்ரா என்ற சிறு கப்பலுக்கு மாறி நின்று படையை நடத்தினார். ஹியூஸின் ஆங்கிலேயப் படை பின்வாங்கியது. இத்தனைக்கும் ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. செய்தி இங்கே வந்து சேர்ந்தது ஜூன் கடைசியில். அதைக் காட்டுகிற குழாய் யாரிடமும் இல்லை.

நீளக் குழாயை மடக்கியவர் இத்தாலியப் பொறியாளர் இக்னாசியோ போரோ. 1854-இல் அவர் உரிமம் வாங்கிய வழி எளியது: குழாய்க்குள் இரண்டு பட்டகங்களை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தால் ஒளி நாலு தடவை திரும்பி வெளியே வரும். வருகிற போக்கில் தலைகீழும் நேராகிவிடும், இடம்வலமும் சரியாகிவிடும், குழாயும் வெகுவாகக் குறுகிவிடும். கணக்கு சரி, கண்ணாடி சரியில்லை. அந்தக் காலத்துப் பட்டகக் கண்ணாடியில் குமிழும் வரியும் இருந்ததால் காட்சி கலங்கியது. ஓட்டோ ஷாட் என்ற வேதியியலாளர் 1884-இல் ஜெனா நகரில் கண்ணாடி உலை போட்டு, எந்த மூலப்பொருளை எவ்வளவு சேர்த்தால் ஒளி எப்படி வளையும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகே அது தீர்ந்தது. அவரோடு சேர்ந்த எர்ன்ஸ்ட் அபே, ஸைஸ் கம்பெனியில் 1894-இல் பட்டக பைனாகுலரைச் சந்தைக்கு விட்டார். முன்கண்ணாடிகள் நம் கண்களைவிட அகலமாக விலகி நிற்பதால் ஆழமும் கூடித் தெரிந்தது. தோள் புடைத்த அந்த வடிவம்தான் பைனாகுலர் என்றதும் இன்றைக்கும் நம் மனசில் வருவது.

அதன்பின் அதை வளர்த்தது போர். 1914-இல் பிரிட்டன் போருக்குப் போனபோதுதான், நல்ல பைனாகுலரெல்லாம் எதிரி நாட்டில் செய்தவை என்பது உறைத்தது. வீட்டில் இருக்கிறதைக் கொடுங்கள், குதிரைப் பந்தயத்துக்கு எடுத்துப் போகிறதைக் கொடுங்கள் என்று மக்களிடம் கையேந்தினார் லார்ட் ராபர்ட்ஸ். 1881 முதல் 1885 வரை மதராஸ் ராணுவத்தின் தளபதியாக இருந்த அதே ராபர்ட்ஸ்தான். ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. அமெரிக்கா போரில் இறங்கியபோது அங்கும் இதே கதை. 'கடற்படைக்குக் கண் கொடுங்கள்' என்று விளம்பரம் செய்தார்கள். இலவசமாக வாங்க சட்டத்தில் இடமில்லாததால், கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு டாலர் வாடகை. பிற்காலத்தில் ஜனாதிபதியான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், அப்போது கடற்படைத் துறையில் உதவிச் செயலாளர். பொட்டலங்களெல்லாம் அவர் விலாசத்துக்குத்தான் போயின.

இரண்டு உலகப் போர்களுக்குள்தான் 7×50 என்ற ஜோடி எண் கடற்படைகளின் அளவாக நிலைபெற்றது. ஏன் 7, ஏன் 50? இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். 7-க்குச் சற்று மேல் வரும். பின்கண்ணாடியிலிருந்து கண்ணுக்குள் பாய்கிற ஒளிக்கற்றையின் அகலம் அது, மில்லிமீட்டரில். இருட்டில் இளைஞனின் கண்மணி ஏறக்குறைய அதே 7 மில்லிமீட்டர் விரியும். அந்தி மயங்கிய பிறகு, விடியலுக்கு முன், எதிரிக் கப்பல் கரிய நிழலாக மட்டும் தெரிகிற வேளையில் கண் எவ்வளவு வெளிச்சம் குடிக்க முடியுமோ அவ்வளவையும் இது கொடுக்கும். ஆடுகிற தளத்தில் நின்றுகொண்டு 7 மடங்குக்கு மேல் பிடித்தால் படம் குதிக்கும். ஆகவே 7. இரண்டு எண்ணுக்கும் காரணம் கடலில் இருக்கிறது, கம்பெனி விளம்பரத்தில் இல்லை.

வெளிச்சம் இன்னொரு வழியாகவும் ஒழுகிக்கொண்டிருந்தது. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் நூற்றுக்கு நாலைந்து பங்கு ஒளி திரும்பிப் போகும். ஒரு பைனாகுலருக்குள் அப்படிப் பத்துப் பரப்பாவது இருக்கும். கூட்டிப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே போச்சு. ஸைஸில் வேலை பார்த்த உக்ரைன்காரர் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935-இல் கண்ணாடிமேல் மிக மெல்லிய பூச்சு ஒன்றைப் படியவைத்து அதைத் தடுத்தார். ஜெர்மன் அரசு அதை ராணுவ ரகசியமாக்கிப் பூட்டியது. இன்றைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் நமக்கு இருநூறு முந்நூறு கூடுதலாகச் சொல்கிற அந்தக் கோட்டிங்கின் பூர்வீகம் இதுதான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஸைஸின் ஊரான ஜெனா சோவியத் பக்கம் போனது. அதற்குள் அமெரிக்கர்கள் ஸைஸின் முக்கிய ஆட்களை மேற்கே கொண்டுபோய்விட, கம்பெனி இரண்டானது. ரஷ்யர்கள் இயந்திரங்களை எடுத்துக்கொண்டார்கள். ஜப்பானில், போருக்குக் கண்ணாடி கடைந்தவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக உலகத்துக்கே பைனாகுலர் செய்ய ஆரம்பித்தார்கள். டோக்கியோவின் இதாபாஷி பகுதியில் சின்னச் சின்னப் பட்டறைகள், குழாய் ஒரு வீட்டில், பட்டகம் ஒரு வீட்டில், பூட்டுவது இன்னொரு இடத்தில். கப்பல்காரர்கள் பெட்டியிலும் சிங்கப்பூர் போய் வந்தவர்கள் பெட்டியிலும் ஏறி அவை மதராசுக்கு வந்தன. பர்மாவிலிருந்து திரும்பிவந்த தமிழர்கள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடை போட்ட பிறகு, பைனாகுலர் வேண்டும் என்றால் பர்மா பஜார் என்றாகிப் போனது. உள்நாட்டில் டேராடூனில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை செய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது போய்ச் சேர்ந்தது படைவீரர் கைக்கு, நம் கைக்கு அன்று.

என்னிடம் இருப்பது அந்த ஜப்பான் வம்சத்து 7×50. பழைய சாமான் கடையில் கிடைத்தது. ஒரு கிலோ கனம். நடுக்கீலின் முன்மூடியைத் திருப்பிப் பார்த்தால் மணல் அளவு எழுத்தில் ஜே.பி. என்று போட்டு ஒரு எண் இருக்கிறது. எந்தப் பட்டறை பூட்டியது என்பதற்கான அடையாளம். ஏற்றுமதிச் சரக்கின் தரத்துக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று ஜப்பானில் ஏற்படுத்திய முறை. வாங்கியபோது வலக்குழாய்க்குள் வெள்ளைப் பூஞ்சை, நூல் நூலாக. சென்னையில் பழைய கேமரா சரிபார்க்கிற பெரியவர் ஒருவர் என் கண்ணெதிரேயே திறந்தார். தோள்மூடியைக் கழற்றினால் உள்ளே பட்டகம், ஒரு பித்தளைப் பட்டைக்குள் அடங்கி உட்கார்ந்திருக்கிறது. பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு கிழித்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் அதை எடுத்தார். துடைத்து வைத்துப் பூட்டினதோடு வேலை முடியவில்லை. மாடிக்கு அழைத்துப் போய், தூரத்துச் செல்போன் கோபுரத்தைப் பார்க்கச் சொன்னார். "கண்ணுலேருந்து மெள்ள வெளிய எடுங்க சார். ஒரு சாண் தள்ளிப் பிடிங்க. கோபுரம் ரெண்டா பிரியுதா?" பிரிந்தது, மேலும் கீழுமாக. தோல் உறைக்கு அடியில் ஒளிந்திருந்த மிகச் சின்னத் திருகு ஒன்றைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினார். கோபுரம் ஒன்றானது. புதிது வாங்கும்போதும் கடை வாசலிலேயே இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். காசா பணமா?

கடலூரில் மீன்பிடி துறைமுகத்துக்கு இதை எடுத்துப் போனால் மரியாதை கிடைக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். "கண்ணாடி எதுக்கு தம்பி? ஆலா எங்க வுழுதுன்னு பாத்தா தெரிஞ்சிடாதா, மீனு எங்க நிக்கிதுன்னு?" என்றார் வலை கோத்துக்கொண்டிருந்த ஒருவர். ஆலாக் கூட்டம் விழுந்து விழுந்து எழுகிற இடத்தில் மீன் மேலே ஏறியிருக்கிறது என்பது கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் விடிகாலை மங்கலில் முந்தின இரவு விட்ட வலையின் மிதப்புக் கொடியைத் தேடும்போதும், எதிரே வருகிற கப்பல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கும்போதும் கண்ணாடி வைத்திருப்பவர் தப்பித்தார். அந்த வேளைக்கு 7×50-ஐ மிஞ்ச ஒன்றுமில்லை.

கடலில் தூரம் பற்றிய அந்தக் கடைக் கேள்விக்கு இயற்கையே ஒரு பதில் வைத்திருக்கிறது. தேவனாம்பட்டினம் மணலில், அலை ஓரத்தில் நிற்கிற ஆளுக்குத் தொடுவானம் நாலரை கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. பூமி வளைந்துகொண்டு போவதால் அதற்கப்பால் உள்ள சின்னப் படகு வளைவுக்குக் கீழே. நூறு மடங்கு கண்ணாடி வைத்தாலும் தண்ணீருக்குள் புகுந்து பார்க்க முடியாது. 30 மீட்டர் உயரத்துக் கலங்கரை விளக்கத்தில் ஏறினால் அதே கண்ணுக்கு 19 கிலோமீட்டருக்கு மேல் தெரியும். தூரம் வேண்டுமானால் கண்ணாடியை மாற்றாதீர்கள், மாடிப்படி ஏறுங்கள்.

கடலுக்கென்றே செய்கிற பைனாகுலர்களில் உள்ளே திசைகாட்டி ஒன்றும், செங்குத்தான அளவுக்கோடு ஒன்றும் இருக்கும். கோட்டில் உள்ள பிரிவுகள் மில் கணக்கில் இருக்கும்; ஆயிரம் மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் உயரம் அடைப்பது ஒரு மில். நீர்மட்டத்திலிருந்து கம்பத்து நுனிவரை 6 மீட்டர் உயரமுள்ள விசைப்படகு 4 மில் உயரம் அடைத்தால், 6-ஐ ஆயிரத்தால் பெருக்கி 4-ஆல் வகுக்க 1,500. படகு ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கிறது. ஜி.பி.எஸ். வந்த பிறகு இந்தக் கணக்குக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நாம் எங்கே இருக்கிறோம் என்பதை ஜி.பி.எஸ். சொல்லும். எதிரே நிற்கிறவன் எங்கே இருக்கிறான் என்று சொல்லாது.

உப்புக் காற்றுக்கு நைட்ரஜன் அடைத்து மூடிய, தண்ணீர் புகாத வகைதான் சரி. பிச்சாவரத்தில் துடுப்புப் படகில் போகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். அங்கே சுரபுன்னைக் கால்வாய்கள் குறுகியவை. கருந்தலை மீன்கொத்தி பத்தடியில் உட்கார்ந்திருக்கும். அவ்வளவு கிட்டத்தில் 7×50 குவியாமல் முரண்டு பிடிக்கலாம், 8×42 குவியும். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, மணலை ஊதித் தள்ளிவிட்டுப் பிறகு துடைக்க வேண்டும். வேட்டி நுனியால் துடைப்பவர்கள் கண்ணாடிமேல் உப்புத்தாள் தேய்க்கிறார்கள்.

இனி மேற்கே. கடலிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள், விருத்தாசலத்துக்குக் கிழக்கே கம்மாபுரம். ஒருபக்கம் நெய்வேலிச் சுரங்கத்து மண்மேடுகள் அடிவானத்தில் மலை மாதிரி நிற்கும். மறுபக்கம் வயலும் ஏரியும். தெற்கே சேத்தியாத்தோப்பு தாண்டினால் நீண்டு கிடக்கிற வீராணம் ஏரி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, மார்கழி, தை மாதங்களில் இந்தப் பக்கத்து நீர்நிலைகளுக்கு வருகிற விருந்தாளிகளை எண்ணி மாளாது. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, சேற்று ஓரத்தில் உள்ளான்கள். அறுத்த வயல்மேல் தாழப் பறந்து எலி தேடுகிற பூனைப்பருந்து. உள்ளூர்க்காரர்களான நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, மடையான் தனி.

இங்கே எதிரியும் இல்லை, ஆடுகிற தளமும் இல்லை. பகல் வெளிச்சத்தில் கண்மணி 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் விரியாது. 7×50 கொட்டுகிற வெளிச்சத்தில் பாதிக்கு மேல் கண்ணுக்குள் போகாமல் வெளியே வழியும். ஐம்பது வயதுக்காரருக்கு இருட்டிலேயே 5 மில்லிமீட்டர்தான் விரியும் என்னும்போது ஒரு கிலோவைக் கழுத்தில் தொங்கவிட்டு ஏரிக்கரையில் நடப்பது வீண் சுமை. 8×42-க்கு ஒளிக்கற்றை 5 மில்லிமீட்டர் சொச்சம், எடை 700 கிராமுக்கு முன்பின், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் 130 மீட்டர் அகலம் காட்டும். பத்து மடங்கு வாங்கினால் அந்த அகலம் குறைந்துவிடும், கை நடுக்கமும் பத்து மடங்காகும். தண்ணீர்மேல் குறுக்கே பறக்கிற ஆலாவை வட்டத்துக்குள் பிடித்து வைப்பதற்கு அகலம் வேண்டும். சட்டைப்பைக்குள் அடங்கும் 10×25, மாலை ஐந்தரைக்கே கண்ணை மூடிக்கொள்ளும்.

பள்ளிப் பிள்ளைகளை ஏரிக்கு அழைத்துப் போகும்போது, பைனாகுலரைக் கொடுத்ததும் "ஒண்ணும் தெரியல சார், கறுப்பா வருது" என்பார்கள். கண்ணாடியில் பழுதில்லை. இரண்டு குழாய்க்கும் நடுவில் உள்ள கீலை மடக்கிக் குழந்தையின் கண் அகலத்துக்குக் கொண்டுவந்தால் இரண்டு வட்டம் ஒன்றாகும். அடுத்தது வலக்கண் வளையம். முதலில் வலது முன்கண்ணாடியைக் கையால் மூடி, இடக்கண்ணால் மட்டும் கரையோரப் பனைமரத்தைப் பார்த்து நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்க வேண்டும். பிறகு இடதை மூடிக்கொண்டு, சக்கரத்தைத் தொடாமல், வலப்பக்க வளையத்தை மட்டும் திருப்பி அதே மரத்தைத் தெளிவாக்க வேண்டும். நம் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இல்லை என்பதற்கான சமாதானம் அந்த வளையம். ஒருமுறை செய்தால் போதும், அப்புறம் நடுச் சக்கரம் மட்டும்தான். பத்து வருஷம் பைனாகுலர் வைத்திருந்தும் அந்த வளையம் எதற்கு என்று தெரியாதவர்களைப் பார்த்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடி போடுகிறவர் பின்னாலுள்ள ரப்பர் கிண்ணத்தை உள்ளே தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும். பறவையை வெறுங்கண்ணால் கண்டு, அதிலிருந்து பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். பைனாகுலரை வைத்துக்கொண்டு பறவையைத் தேடினால் ஏரி முழுக்கத் தண்ணீர்தான் தெரியும். சூரியன் பக்கம் மட்டும் தப்பித் தவறியும் திருப்பக் கூடாது, அந்திச் சூரியனானாலும் சரி.

வாங்குகிற விஷயத்தில் இப்போது பெரிய வில்லங்கம் ஆன்லைன் விளம்பரம். 60×60, 100×180 என்றெல்லாம் ஆயிரம் ரூபாய்க்குப் போட்டிருப்பார்கள். ஸ்கேலை எடுத்து முன்கண்ணாடியை அளந்தால் 30, 35 மில்லிமீட்டர் இருக்கும். பெருக்கமும் எட்டுப் பத்துக்கு மேல் இராது. செக்கச்செவேல் என்று மின்னுகிற கண்ணாடியையும் தவிர்த்துவிடுங்கள். பூச்சின் குறையை மினுக்கி மறைக்கிற வேலை அது. கடையில் கையை நீட்டி, வெளிச்சமான சுவருக்கு எதிரே பிடித்துப் பின்கண்ணாடியைப் பாருங்கள். வெளிச்ச வட்டம் முழு வட்டமாக இருந்தால் பட்டகம் நல்ல கண்ணாடி. ஓரம் சாம்பல் பூத்துச் சதுரமாக வெட்டுப்பட்டிருந்தால் மட்டமானது. குழாய் நேராக உள்ள ஒல்லி வகை இன்று அதிகம் விற்கிறது. பத்தாயிரம் ரூபாய்க்குள் என்றால் போரோவின் தோள் புடைத்த பழைய அமைப்பில் 8×40 வாங்குவதே லாபம். அந்த விலையில் அதன் காட்சிதான் துல்லியம். மழை, உப்புக் காற்று என்று அலைகிறவர்கள் மட்டும் கூடுதல் காசு கொடுத்துத் தண்ணீர் புகாத 8×42-க்குப் போகலாம். ஐப்பசி கார்த்திகையில் தோல் பைக்குள் வைத்துப் பீரோவில் பூட்டாதீர்கள். இறுக்கி மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் பூஞ்சை அண்டாது.

2015-இலிருந்து தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை எண்ணி 'ஈபேர்டு' தளத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். கம்மாபுரம் ஒன்றியத்தில் ஏரியும் இருக்கிறது, பறவையும் இருக்கிறது, பிள்ளைகளும் இருக்கிறார்கள். பழைய மாணவர்கள் சேர்ந்து பள்ளிக்கு மின்விசிறியும் சுவர்க்கடிகாரமும் வாங்கிக் கொடுக்கிற வழக்கம் நம் ஊர்களில் உண்டு. இந்த வருஷம் அந்தப் பணத்தில் இரண்டு பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள். 8×40, இல்லாவிட்டால் 8×42. எவ்வளவு தூரம் தெரியும் என்று மட்டும் கடையில் கேட்காதீர்கள்.